வீங்கிய காலும் களைத்த இருதயமும்

1784 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், லண்டன் மாநகரில் பிளீற் வீதியை அடுத்த ஒரு வீட்டில், 75 வயதுப் பெரியார் ஒருவர் மரணப் படுக்கையிற் கிடந்தார். ஆங்கில மொழிக்கு 1755 இல் பேரகராதியொன்றை ஆக்கித் தந்த சாமுவேல் ஜோன்சனே அவர். அவருடைய கால்கள் நீர்கோத்து வீங்கியிருந்தன. மூச்சு முட்டிற்று. படுத்தால் உறங்க முடியாமையால், நாற்காலியில் அமர்ந்தபடியே பல இரவுகளைக் கழித்திருந்தார். அக்காலத்து லண்டனின் தலைசிறந்த வைத்தியர்கள் அவரைப் பார்வையிட்டு வந்தனர். ஆயினும் அவர்களாற் செய்யக்கூடியது சிறிதே. கால்களைக் கீறி நீரை வடிய விட்டார்கள். ஆழமாகக் கீறுவதற்கு அவர்கள் தயங்கவே, நோயாளியே கத்தியை எடுத்துத் தம் கால்களைத் தாமே கீறிக்கொண்டார். அம்மாதம் 13 ஆந் திகதி அவர் உயிர் நீத்தார்.

பின்னர் உடலைத் திறந்து ஆராய்ந்தபோது, இருதயம் மிகப் பருத்திருந்தது, நுரையீரல்கள் கெட்டிருந்தன, சிறுநீரகங்களுள் ஒன்று பழுதடைந்திருந்தது. ஆனால் அவர் உயிரோடிருந்த காலத்தில், அவ்வீக்கத்துக்கு இடப்பட்ட பெயர் இருதயத்தைச் சுட்டவில்லை. உடலில் நீர் சேர்வதையே ஒரு தனி நோயாகக் கொண்டு, நீர்வீக்கம் என்று அதனை அழைத்தார்கள். நம் நாட்டுத் தமிழ் வைத்தியரும் உடல் வீக்கத்தைச் சோபை என்றும், வயிற்றில் நீர் கட்டிப் பெருப்பதை மகோதரம் என்றும் வழங்கினர். கண்ணுக்குத் தெரிந்தது வீக்கம். ஆதலாற் பெயரும் வீக்கத்துக்கே உரியதாயிற்று. வீக்கம் என்பது ஓர் அடையாளமே. அதற்கு மூலமான கோளாறு பல வேளைகளில் இருதயத்தில் மறைந்திருக்கின்றது. இந்த உண்மையை மனிதர் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. இருதயச் செயலிழப்பு என்று இன்று கூறப்படும் நோய்நிலையின் வரலாறு அதுவே.

இருதயச் செயலிழப்பு என்னும் தொடர் கேட்போரை அச்சுறுத்துவது. இருதயம் நின்றுவிட்டது போலும் என்று பலர் பொருள் கொள்வர். அது தவறு. இருதயம் அடியோடு நின்றுபோதல் வேறு. இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடி அடைபடுவதாகிய மாரடைப்பும் வேறு. உடலுக்கு வேண்டிய அளவு குருதியை இருதயம் செலுத்த இயலாது தளர்வதே இருதயச் செயலிழப்பு. களைத்துப்போன மாடு வண்டியை நடுவழியில் விட்டுவிடுவதில்லை, இழுத்துக்கொண்டுதான் போகிறது. ஆயின் மேடு வந்தவுடன் திணறுகிறது. பாரம் ஏறினால் தடுமாறுகிறது. தளர்ந்த இருதயத்தின் நிலையும் அத்தகையதே.

பண்டைக் காலத்தில் இவ்வுண்மை புலப்படாமைக்குத் தக்க காரணம் உண்டு. கி. பி. 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் என்னும் கிரேக்க வைத்தியருடைய கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவில் கோலோச்சி வந்தது. குருதி கல்லீரலிற் பிறந்து, உடலெங்கும் பாய்ந்து, உறுப்புகளால் உண்ணப்பட்டு ஒழிகின்றது என்பது அவர் கொள்கை. ஆதலால் உடலில் நீர் மிகுந்தால் பழி கல்லீரலையே சார்ந்தது. 1628 ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர், குருதி ஒழிந்து போவதில்லை, அது சுற்றிச் சுற்றி வருகின்றது, அதனைத் தள்ளிச் செலுத்துவது இருதயமே என்று நிறுவினார். வைத்திய சாத்திரத்தின் அடித்தளமே அன்று மாறியது.

தள்ளும் உறுப்பு ஒன்று உண்டெனில், அது தளர்ந்தால் என்ன நேரும் என்ற வினா எழுதல் இயல்பன்றோ? 1669 இல் றிச்சட் லோவர் என்பவர் ஒரு நாயின் இருதயத்துக்குக் குருதியைத் திரும்பக் கொண்டுவரும் பெருநாளத்தைக் கட்டிவிட்டார். சில மணி நேரத்தில் நாயின் வயிற்றில் நீர் நிரம்பிற்று. வாய்க்காலின் தலைமாட்டில் அடைப்பு ஏற்பட்டால், பின்னே நீர் தேங்கிக் கரைமீறிக் கசிவது போன்றது இது. 1715 இல் பிரான்சு தேசத்து றேமன் வியூசன்ஸ், இருதயத்தின் இடப்புற வால்வு சுருங்கிய ஒருவரிடத்தில், குருதி பின்வாங்கி நுரையீரலில் தேங்கியதே மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்று விளக்கினார். உண்மை ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் நோயாளியின் கட்டிலருகே அது வந்து சேரவில்லை. ஜோன்சன் மாண்ட காலத்திலும் வைத்தியர் கையிலிருந்தவை குருதி வடித்தலும், பேதி கொடுத்தலும், வயிற்றைத் துளைத்து நீர் இறக்கலுமேயாம்.

இந்நிலையை மாற்றிய முதல் முயற்சி லண்டனிலே தொடங்கவில்லை. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், ஒரு குடும்பத்தின் கைமருந்திலிருந்து தொடங்கியது. அம்முயற்சிக்கு உரியவர் வில்லியம் வித்தரிங். 1741 இல் ஷ்ரொப்ஷயர் பகுதியின் வெலிங்ரன் ஊரிற் பிறந்த இவர், எடின்பரோவில் வைத்தியம் பயின்று 1766 இற் பட்டம் பெற்றார். மாணவராயிருந்தபோது தாவரவியல் அவருக்குச் சிறிதும் பிடிக்காத பாடம். பின்னர் ஸ்ராபட் நகரில் வைத்தியம் செய்கையில், பூக்களை ஓவியமாகத் தீட்டும் ஹெலெனா குக்ஸ் என்னும் நங்கை நோயாளியாக வந்தாள். அவளுக்காகச் செடி தேடி அலைந்தவர் செடிகளின் மீதும் பற்றுக் கொண்டார். 1772 இல் இருவரும் மணம் புரிந்தனர். 1776 இல் வித்தரிங், பிரித்தானியத் தாவரங்களைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். வெறுத்த கல்வியே பின்னர் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

1775 ஆம் ஆண்டில் அவரிடம் ஒரு குடும்ப மருந்து பற்றிக் கருத்துக் கேட்டனர். ஷ்ரொப்ஷயரில் ஒரு மூதாட்டி அதனை நெடுநாள் மறைபொருளாக வைத்திருந்தாளாம். பெரிய வைத்தியர்கள் கைவிட்ட நீர்வீக்க நோயாளருட் சிலர் அவள் மருந்தால் எழுந்து நடந்தனராம். அம்மருந்தில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்திருந்தன. தாவரங்களை நன்கறிந்த வித்தரிங்குக்கு அவற்றுள் வீரியமுள்ளது எதுவென அறிதல் அரிதாகவில்லை. நரியின் கையுறை என்று பொருள்படும் பொக்ஸ்குளோவ் செடியே அது. ஊதா நிறத்தில், விரலில் மாட்டும் கூடு போன்ற பூக்களையுடையது. அக்காரணத்தால் 1542 இல் ஜேர்மானிய அறிஞர் புக்ஸ் அதற்கு டிஜிற்றாலிஸ் என்று இலத்தீன் பெயரிட்டார். அம்மூதாட்டியின் பெயர் ஹற்றன் என்று ஒரு கதை பரவியுள்ளது. வித்தரிங்கின் நூலில் அப்பெயர் இல்லை. அது 20 ஆம் நூற்றாண்டின் மருந்து விளம்பரமொன்றிலே பிறந்தது. கண்டுபிடிப்பின் தோற்றுவாயில் நின்ற பெண்ணுக்கு வரலாறு பெயரளிக்கவில்லை.

மருந்தைக் கண்டறிந்தது எளிது; அளவைக் கண்டறிந்ததே அரிது. பொக்ஸ்குளோவ் கொடிய நச்சுச் செடி. வித்தரிங் பேர்மிங்காம் நகருக்குக் குடிபெயர்ந்து, ஏழை நோயாளருக்குப் பணம் பெறாது வைத்தியம் செய்துவந்தார். அவர்களுட் பலருக்கு இம்மருந்தைக் கொடுத்தார். தொடக்கத்தில் மிகப் பெரிய அளவிலும் மிகை நாட்களுக்கும் கொடுத்துவிட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். நோயாளர் ஓயாது வாந்தியெடுத்தனர். கண்ட பொருளெல்லாம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றின. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 35 வரை இறங்கியது. இவ்வாறு வருந்தினால்தான் நீர் இறங்கும் என்று அந்நாளைய வைத்தியர் பலர் எண்ணினர். வித்தரிங் அவ்வாறு எண்ணவில்லை. வாந்திக்கும் நீர் இறங்குதற்கும் தொடர்பில்லை என்பதையும், சிறிய அளவே போதுமானது என்பதையும் அவர் படிப்படியாக அறிந்தார்.

அவருடைய நுணுக்கம் வியக்கத்தக்கது. ஒக்ஸ்போட் கல்லூரித் தலைவர் ஒருவர் அச்செடியின் வேரால் நலம்பெற்ற செய்தி அவருக்கு எட்டியது. ஊக்கமுற்றாரேனும் வேரை அவர் நாடவில்லை. ஈராண்டு வாழும் செடியின் வேர் பருவத்துக்குப் பருவம் வீரியம் மாறும் என்பது அவர் அறிந்தது. எனவே இலையையே கொண்டார். இலையும் மாறக் கூடுமாதலால், பூக்கும் பருவத்தில் மட்டும் பறித்து, உலர்த்தி, தூளாக்கி, நிறுத்துக் கொடுத்தார். சிறுநீர் பெருகினாலும், வயிறு குமட்டினாலும், நாடி தளர்ந்தாலும், பேதி கண்டாலும், இவற்றுள் எது முதலில் தோன்றுகிறதோ அப்பொழுதே மருந்தை நிறுத்தல் வேண்டும் என்று விதி வகுத்தார்.

பத்தாண்டு அனுபவத்தை 1785 இல், அதாவது ஜோன்சன் மறைந்த மறு ஆண்டில், நூலாக வெளியிட்டார். அதில் 150 க்கு மேற்பட்ட நோயாளரின் விவரம் அடங்கியுள்ளது. குணமடைந்தோரை மட்டும் தெரிந்தெடுத்து எழுதியிருந்தால் மருந்துக்கும் அவருக்கும் பெரும்புகழ் கிட்டியிருக்கும். அவரோ மருந்து பயன்படாதவரையும், தம் அளவு மிகுந்தமையால் துன்புற்றவரையும், மாண்டவரையும் ஒருவர் விடாது பதிந்தார். பின்வருவோர் தம் பிழையை மீண்டும் செய்யாதிருத்தலே அவர் வேண்டியது. வைத்திய சாத்திரத்துக்கு அவர் ஈந்த பெருங்கொடை செடியினும் இந்நேர்மையே எனலாம்.

எனினும் அந்த மருந்து எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அவர் முற்றும் உணரவில்லை. சிறுநீரைப் பெருக்கும் மருந்தென்றே கருதினார். நாடி வலிமையாகவும் முகம் சிவந்தும் உள்ளவருக்கு அது அவ்வளவாக உதவவில்லை. நாடி தளர்ந்து அல்லது விட்டுவிட்டு அடித்து, முகம் வெளுத்து, உதடு நீலம் பாரித்து, தொட்டால் குழிவிழும் மென்மையான வீக்கமுடையவருக்கே உதவியது என்று எழுதினார். இருதயத்தின் இயக்கத்தின் மீது வேறெந்த மருந்துக்கும் இல்லாத ஆற்றல் இதற்குண்டு என்றும் குறித்தார். இருதயச் செயலிழப்பின் உருவத்தையே அவர் வரைந்துவிட்டார். அதன் பெயரை மட்டும் எழுதவில்லை.

பெயரில்லாத குறை பின்வந்தோரை வருத்தியது. எல்லா வீக்கத்துக்கும் ஒரே மருந்து என்று கருதியோரும், வீக்கமே இல்லாத காசநோய்க்கும் காய்ச்சலுக்கும் அதைக் கொடுத்தோரும் மிகுந்தனர். மருந்து இகழ்ச்சிக்குள்ளாயிற்று. வீக்கத்தின் மூலங்களைப் பிரித்தறிதல் இன்றியமையாததாயிற்று. 1827 இல் லண்டன் வைத்தியர் றிச்சட் பிறைற், சிறுநீரில் வெண்கரு போன்ற பொருள் கலந்திருப்பின், வீக்கத்தின் மூலம் சிறுநீரகத்தில் உள்ளதெனக் காட்டினார். பிரான்சில் 1816 இல் லெனெக் ஆக்கிய செவிக்குழல், உயிருள்ளவரின் இருதய ஒலியையும் நுரையீரலில் நீர் தேங்கிய ஒலியையும் கேட்கச் செய்தது. 1832 இல் ஜேம்ஸ் ஹோப், இருதயத்தின் ஓர் அறை தளர்ந்தால் அதற்குப் பின்னுள்ள வழியிற் குருதி தேங்குகின்றது என்று கோட்பாடாக உரைத்தார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மக்கென்சி, முன்னே உள்ள உறுப்புகளுக்குக் குருதி போதாமையே தலையாய குறை என்றார். இரண்டும் உண்மையே, ஒரே கோளாறின் இரு முகங்கள்.

இவ்விளக்கங்களால் நோயின் அடையாளங்களுக்கு ஒழுங்கான பொருள் கிடைத்தது. இருதயத்தின் இடப்புறம் நுரையீரலிலிருந்து குருதியை ஏற்று உடலெங்கும் அனுப்புகின்றது. அது தளர்ந்தால் நுரையீரலிலே தேக்கம் உண்டாகும். நடக்கையில் மூச்சு வாங்குதல், மல்லாந்து படுக்க முடியாமை, நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்திருத்தல், இருமல் ஆகியவை இதன் விளைவுகள். வலப்புறம் உடலிலிருந்து வரும் குருதியை நுரையீரலுக்கு அனுப்புகின்றது. அது தளர்ந்தால் கணுக்கால் வீங்கும், கழுத்து நாளம் புடைக்கும், கல்லீரல் பெருக்கும், வயிற்றில் நீர் கட்டும். இடப்புறத் தளர்ச்சி நீடிப்பின் வலப்புறமும் தளர்வது பெருவழக்கு. இனி, தசை வலிகுன்றிப் பிழிய மாட்டாமை ஒருவகை. பிழியும் வலி இருந்தும் தசை விறைத்துப்போனமையால் தளர்ந்து நிரம்ப மாட்டாமை மற்றொரு வகை. நல்ல இருதயத்தின் இடது இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் குருதியிற் பாதிக்கு மேற்பட்டதை வெளியேற்றுகின்றது. முதல்வகை நோயில் இது 100 க்கு 40 அல்லது அதற்குக் கீழாக இறங்கும். இரண்டாம் வகையில் 50 க்குக் குறையாது நிற்கும். ஆயினும் நோயாளி மூச்சு வாங்குவார்.

காரணங்களும் பலவாம். மாரடைப்பினால் தசையின் ஒரு பகுதி மடிதல், ஆண்டுக்கணக்கில் தணியாத உயர் குருதியமுக்கம், நீரிழிவு, வாதக் காய்ச்சலால் கெட்ட வால்வுகள், மிகை மது, தசையைத் தாக்கும் கிருமிகள், பிறவிக் குறை என்பன அவற்றுள் தலையாயவை. ஆதலால் இருதயச் செயலிழப்பு என்று கேட்டவுடன் அடுத்து எழவேண்டிய வினா, எதனால் என்பதே.

1930 இல் கம்பளி இலையுடைய பொக்ஸ்குளோவ் இனத்திலிருந்து டிஜொக்சின் என்னும் தூய பொருள் பிரிக்கப்பட்டது. 1950 களின் இறுதியிலும் 1960 களிலும் சிறுநீர் பெருக்கும் புதிய மாத்திரைகள் வந்தன. ஜோன்சன் காலைக் கீறி வடித்த நீரை ஒரு மாத்திரை எளிதில் இறக்கிற்று. அப்பொழுதும் இருதயம் ஒரு பம்பி, நோய் பம்பியின் பழுது என்றே எண்ணப்பட்டது. அடுத்த முன்னேற்றம் வேறொரு திசையிலிருந்து வந்தது. குருதியோட்டம் குறையும்போது, குருதி இழந்த உடலைக் காப்பது போல, உடல் நாடிகளைச் சுருக்கி, உப்பையும் நீரையும் சேமித்து, இருதயத்தை விரட்டுகின்றது. சில மணி நேரத்துக்கு நன்மையான இச்செயல், மாதக்கணக்கில் நீடித்தால் களைத்த மாட்டை மேலும் அடிப்பது போலாகின்றது.

இச்சவுக்கைத் தடுக்கும் மருந்துகளுள் ஒன்று பாம்பின் நஞ்சிலிருந்து வழிகாட்டுதல் பெற்றது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்து 1965 இல் செர்கியோ பெரெய்ரா கண்ட உண்மை, கப்டோபிறில் என்னும் மருந்து ஆக்கப்படுவதற்கு வழிவகுத்தது. அவ்வினத்தைச் சார்ந்த எனலப்பிறில் 1987 இல் வட ஐரோப்பாவில் 253 கடும் நோயாளரிடம் ஆராயப்பட்டது. ஆறு மாதத்தில் வெறும் மாத்திரை பெற்றோரில் 100 க்கு 44 பேர் மாண்டனர். மருந்து பெற்றோரில் 26 பேர் மாண்டனர். இருதயத்தின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் தளர்ந்த இருதயத்துக்கு ஆகா என்பது நெடுநாள் விதி. 1975 இல் சுவீடன் நாட்டு கோதன்பேர்க் நகர வைத்தியர் சிலர் ஏழு நோயாளருக்கு அவற்றைத் துணிந்து கொடுத்து, அவர்கள் தேறக் கண்டனர். 1999 இல் வெளியான பேராய்வுகளின் பின் விதியே தலைகீழாயிற்று. 2019 இல் நீரிழிவுக்கென ஆக்கப்பட்ட மருந்தொன்று வலிகுன்றிய இருதயத்துக்கும், 2021 இல் அவ்வினத்து மருந்தொன்று விறைத்த இருதயத்துக்கும் நற்பயன் தரல் கண்டறியப்பட்டது.

வித்தரிங்கின் செடிக்கும் தீர்ப்பு நாள் வந்தது. 1997 இல் 6,800 நோயாளரிடம் டிஜொக்சின் ஆராயப்பட்டது. மரணத்தை அது குறைக்கவில்லை. ஆனால் நோய் முற்றி வைத்தியசாலை புகுதலைக் குறைத்தது. அதற்குரிய இடம் சிறிதாயிற்று, இல்லாமற் போகவில்லை. வித்தரிங் உயிரோடிருந்திருப்பின் இம்முடிவை ஒளிக்காமல் எழுதியிருப்பார்.

அளவின் அருமையை உணர இலங்கை மக்கள் இங்கிலாந்து வரை செல்ல வேண்டியதில்லை. வேலியோரங்களிற் பூக்கும் மஞ்சள் அலரியின் விதையிலுள்ள நஞ்சு, டிஜிற்றாலிசுக்கு உறவானது. இருதயத் துடிப்பையே குலைத்துக் கொல்ல வல்லது. டிஜொக்சின் நஞ்சுக்கென ஆடுகளிலிருந்து ஆக்கிய முறிமருந்து, அலரி நஞ்சையும் தணிக்கும் என்பது கொழும்பில் நடந்த ஆராய்ச்சியில் நிறுவப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மூலிகை என்பதனால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. தக்க அளவறிந்தோர் கையிலேயே அது மருந்தாகும்.

மேட்டில் ஏறுகையில் முன்னில்லாத இளைப்பு, தலையணை உயர்த்தினாலன்றி வராத உறக்கம், மாலையில் வீங்கி விரல் வைத்தால் குழிவிழும் கணுக்கால், சில நாட்களுக்குள் ஏறும் உடல் நிறை ஆகியவற்றை முதுமையின் இயல்பென்று தள்ளிவிடலாகாது. உப்பே காரணமென்றோ சளியே காரணமென்றோ வீட்டிலேயே தீர்ப்புக் கூறுதலும் ஆகாது. வைத்தியரிடம் காலத்தோடு காட்டி, இது எதனால் வந்தது என்று வினவுதல் வேண்டும். ஜோன்சனைச் சூழ்ந்திருந்தோர்க்கு அவ்வினாவுக்கு விடை தெரியாதிருந்தது. இன்று பெரும்பாலும் விடை உண்டு. அவ்விடைக்கு ஏற்ற மருந்தும் உண்டு. 1799 இல் மறைந்த வித்தரிங்கின் நினைவுக் கல் பேர்மிங்காமின் எட்ஜ்பஸ்ரன் தேவாலயத்தில் உள்ளது. அதிலே பொக்ஸ்குளோவ் பூ செதுக்கப்பட்டிருக்கின்றது.